‘ஆர்டே’ தொடரில் காட்டும் பட்டறை வேலை நிஜமா? சென்னை வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

கேள்வி கேட்டிருப்பவர் அம்பத்தூரில் இருக்கும் ஒரு தாய். ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் ‘ஆர்டே’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பார்த்து முடித்துவிட்டு மூன்று விஷயம் கேட்கிறாளாம். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படி ஓவியராகியிருக்க முடியுமா? பலகைக்குப் பூச்சு போடுவது, வண்ணம் அரைப்பது என்று காட்டுவதெல்லாம் உண்மையா? அதை நம் வீட்டில் செய்து பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பெண்களை ஓவியத்திலிருந்து எப்படி ஒதுக்கி வைத்தார்கள் என்பது, அந்த வேலையைக் கையால் செய்து பார்த்தால்தான் முழுசாகப் புரியும்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2013 முதல் கெய் ஓகுபோ வரைந்துவந்த மங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை), செவன் ஆர்க்ஸ் நிறுவனம் தயாரித்து, தகாயுகி ஹமானா இயக்கி, 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை 12 பகுதிகளாக வந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஃபுளோரன்ஸ் நகரம். ஆர்டே பிரபுக் குடும்பத்துப் பெண். அவள் படம் வரைவதை ஆதரித்த அப்பா இறந்துபோகிறார். அம்மாவுக்கோ கல்யாணம்தான் கவலை. மகள் வரைந்த படங்களை எரித்துவிடுகிறாள். ஆர்டே ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்குகிறாள். பெண் என்றதும் படத்தைப் பார்க்கக்கூட மறுக்கிறார்கள். கடைசியில் லியோ என்ற ஓவியர், பலகைகளைத் தயார் செய்யும் வேலையைக் கொடுத்துச் சோதித்துவிட்டுச் சேர்த்துக்கொள்கிறார்.

ஒரு எச்சரிக்கை. முதல் பகுதியில், பெண் என்பதுதான் தடையென்றால் என்று கூந்தலை வெட்டிக்கொண்டு, மார்பையும் அறுத்துக்கொள்வேன் என்று அவள் கத்தும் காட்சி இருக்கிறது. பணக்காரர்களின் தயவில் வாழும் வெரோனிகா என்ற கணிகை முக்கியமான பாத்திரம். உங்கள் மகள் வயதுக்குப் பிரச்சினையில்லை. கூட உட்கார்ந்து பார்க்கும் தம்பிக்கு எட்டு வயது என்றால் யோசியுங்கள்.

முதல் கேள்வி. ஃபுளோரன்ஸில் ஒரு பிரபு வீட்டுப் பெண், தெரியாத ஆணின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்வது கற்பனை. ஆனால் அந்தக் கற்பனையைச் சுற்றிலும் நிஜப் பெண்கள் நிற்கிறார்கள். மிகக் கிட்டத்தில் இருப்பவர் கிரெமோனா நகரத்து சோஃபோனிஸ்பா ஆங்குய்சோலா. அவரும் பிரபுக் குடும்பம்தான். 1540களில் அவரையும் தங்கை எலெனாவையும் அவர்களுடைய அப்பா பெர்னார்டினோ காம்பி என்ற ஓவியரிடம் பாடம் படிக்க அனுப்பினார். சோஃபோனிஸ்பா மைக்கேலாஞ்சலோவுக்குத் தன் கோட்டோவியங்களை அனுப்பிக் காட்டினார். 1559இல் ஸ்பெயின் அரசவைக்குப் போய், இரண்டாம் பிலிப் மன்னரின் மனைவி இஸபெல்லுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் பிரபு வீட்டுப் பெண் என்பதால் ஓவியத்துக்கு விலை பேசிக் கூலி வாங்க அவரால் முடியவில்லை. கிடைத்ததெல்லாம் பரிசும் மானியமும். ஆர்டே விலை பேசுவதும் கூலி கேட்பதும் தொடரில் ஏன் அவ்வளவு பெரிய விஷயமாக வருகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபுளோரன்ஸிலேயே இருந்தவர் பிளாவுடில்லா நெல்லி (1524–1588). சாந்தா காதெரினா மடத்துக் கன்னிகாஸ்திரீ. பட்டறைக்குப் போக வழியில்லை. ஃபிரா பார்த்தலோமியோ என்ற ஓவியத் துறவியின் கோட்டோவியங்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். ஏறக்குறைய 7 மீட்டர் நீளத்தில் அவர் வரைந்த ‘கடைசி இராப்போஜனம்’ பல வருடப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2019 முதல் சாந்தா மரியா நொவெல்லா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தன் பெயரைப் போட்டு, ‘ஓவியப் பெண்ணுக்காக ஜெபியுங்கள்’ என்று எழுதியிருக்கிறார். ஆண்களைப் போல உயிருள்ள உடலைப் பார்த்துப் படிக்க வாய்ப்புக் கிடைத்திருந்தால் இவர் அற்புதங்கள் செய்திருப்பார் என்ற கருத்தில், அந்தக் காலத்து ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதினார். அவர் சொன்னது மிகச் சரி. திறமை குறைந்ததாக அவருக்குத் தோன்றிய இடமெல்லாம் வாய்ப்பு குறைந்த இடம்.

மற்ற பெண் ஓவியர்களில் பலர் ஓவியர் வீட்டு மகள்கள். அப்பாவின் பட்டறையே வீடாக இருந்ததால் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பொலோனியாவின் லவீனியா ஃபொந்தானா (1552–1614) அப்படித்தான், ஆர்தெமீஸியா ஜென்டிலெஸ்கியும் அப்படித்தான். ஃபுளோரன்ஸின் ஓவியக் கழகம் 1563இல் தொடங்கியது. ஆர்தெமீஸியா 1616இல் அதன் முதல் பெண் உறுப்பினரானார். ஐம்பத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

தடை எந்த வடிவத்தில் இருந்தது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். ‘பெண்கள் வரையக் கூடாது’ என்று யாரும் சட்டம் போடத் தேவையிருக்கவில்லை. பட்டறையில் சேர ஒப்பந்தம் வேண்டும். மகனுக்காக அப்பா கையெழுத்துப் போடுவார். 1488இல் பதின்மூன்று வயது மைக்கேலாஞ்சலோவை கிர்லாந்தாயோவின் பட்டறையில் மூன்று வருடத்துக்குச் சேர்த்தபோது, வருடத்துக்கு 6, 8, 10 என்று மொத்தம் 24 ஃபுளோரின் கூலி பேசப்பட்டது. மகளுக்கு அப்படி யாரும் போடப்போவதில்லை. அவளுக்குப் பேசுவது வரதட்சணை. பிறகு சங்கம்: ஃபுளோரன்ஸில் ஓவியர்கள் மருத்துவர்கள், மருந்துக்கடைக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். வண்ணப்பொடி விற்றது மருந்துக்கடையில் என்பதால் இது அன்று இயல்பானது. அப்புறம் உடலைப் பார்த்து வரையும் பயிற்சி, சுவரோவியத்துக்குச் சாரம் ஏறுவது, வெளியூர் பயணம். ஒவ்வொன்றும் தனித்தனிக் கதவு. ஆர்டே ஒரு கதவைத் திறந்ததும் அடுத்தது மூடியிருப்பதைத் தொடர் நன்றாகவே காட்டுகிறது. படிக்கத் தெரியாத தையல்காரி தார்ச்சாவுக்கு ஆர்டே எழுத்து சொல்லிக்கொடுக்கும் பகுதியும் இதே விஷயம்தான்.

வெனிஸ் பகுதிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யூரி என்ற பிரபு ஆர்டேவை அழைத்துப்போவது அவள் பெண் என்பதற்காகவும் பிரபு வீட்டு நடைமுறை தெரிந்தவள் என்பதற்காகவும்தான். வரையும் திறமைக்காக மட்டும் என்னைக் கூப்பிடவில்லையே என்று அவள் குமைகிறாள். எனக்குப் பிடித்த இடம் அது. ஒதுக்கப்பட்டவருக்கு வாய்ப்பு வரும்போது ‘இடம் கிடைத்தது அதனால்தான்’ என்ற பேச்சும் கூடவே வரும். நம் ஊரில் படித்து மேலே வரும் எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். தொடர் அதற்குச் சமாதானம் சொல்லி மழுப்பாமல், கிடைத்த வேலையை அவள் எப்படிச் செய்து முடிக்கிறாள் என்று காட்டுகிறது.

இரண்டாவது கேள்வி, வேலை உண்மையா என்பது. பெரும்பாலும் உண்மை. 1400ஐ ஒட்டிச் சென்னினோ சென்னினி எழுதிவைத்த கைவினைக் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் சொல்லும் கணக்கு: ஒரு வருடம் சிறு பலகையில் வரைந்து பழகு, ஆறு வருடம் வண்ணம் அரை, வஜ்ஜிரம் என்ற பசையைக் காய்ச்சு, பலகைக்குப் பூச்சு போடு, தங்கம் ஒட்டு, இன்னும் ஆறு வருடம் வண்ணம் தீட்டு, சுவரில் வேலை செய். மொத்தம் பதின்மூன்று வருடம். தொடர் இந்தக் காலத்தைச் சுருக்கிவிடுகிறது. விடிவதற்குள் பலகைகளை முடிக்கச் சொல்வதும் கதைக்கான வேகம். தேய்த்து ஒரு கை (ஒரு தடவை) வஜ்ஜிரம் பூசுவது ஒரு ராத்திரியில் ஆகும். துணி ஒட்டி எட்டு கை பூச்சு முடிப்பது ஆகாது. ஏன் ஆகாது என்பது கீழே வரும் வேலையைச் செய்யும்போது கைக்கே தெரிந்துவிடும்.

இனி சென்னையில் எப்படி என்று பார்ப்போம்.

பலகை: இத்தாலியில் பாப்ளர் மரம். நமக்கு 12 மில்லிமீட்டர் நீர் தாங்கும் பிளைவுட் போதும். 8க்கு 10 அங்குல அளவில் இரண்டு துண்டு வெட்டி வாங்குங்கள். வால்டாக்ஸ் சாலையில் கிடைக்கும். பக்கத்துத் தச்சரிடம் மிச்சத் துண்டு கேட்டாலும் தருவார். 6 மில்லிமீட்டர் வேண்டாம், வளைந்துவிடும். 120 எண் உப்புத்தாளால் முகப்பையும் ஓரத்தையும் தேய்த்து, தூசி போகத் துடைத்துவிடுங்கள்.

வஜ்ஜிரம்: அவர்கள் ஆட்டுத்தோல் துண்டுகளைக் காய்ச்சினார்கள். நமக்கு கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் ஜெலட்டின் தூள். 200 மில்லி தண்ணீருக்கு 14 கிராம். பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வேறொரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதற்குள் இந்தக் கிண்ணத்தை இறக்கிக் கரைக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கவிட்டால் ஒட்டும் சக்தி போய்விடும். பூச்சு பிறகு மாவாக உதிரும். விரல் தாங்கும் சூடு இருந்தால் சரி.

ஜெலட்டின் மிருகத்திலிருந்து வருவது. வீட்டில் வேண்டாம் என்றால் கடைக்காரர் ‘சைவ ஜெலட்டின்’ என்று கடல்பாசியைக் கொடுப்பார். அது கெட்டியாக உறையுமே தவிர ஒட்டாது. சைவமாகவே செய்ய வேண்டுமென்றால் வேலம்பிசினும் சாக் பவுடரும் சேர்ந்த தஞ்சாவூர் முறைக்குப் போவதே நல்லது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் வேலை: வெதுவெதுப்பான வஜ்ஜிரத்தைப் பலகையின் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாவற்றிலும் ஒரு கை பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கம் இழுத்துப் பலகை கிண்ணம்போலக் குழியும். முன்பக்கத்தில், வஜ்ஜிரத்தில் நனைத்த மெல்லிய மல்துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கஞ்சி போட்ட புதுத்துணி என்றால் துவைத்துக் காயவைத்த பிறகு. பிளைவுட்டின் மேல்தாள் காலப்போக்கில் நூல்நூலாக வெடிக்கும். அந்த வெடிப்பு மேலே ஏறாமல் தடுப்பது இந்தத் துணிதான். ராத்திரி முழுக்கக் காயட்டும். மிச்ச வஜ்ஜிரத்தை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே வைத்தால் ஒரே நாளில் நாறிப்போகும்.

இரண்டாம் நாள், பூச்சு. வஜ்ஜிரத்தை மறுபடி வெந்நீரில் இளக்கி, அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு தம்ளர் என்றால் ஒன்றரைத் தம்ளர் சாக் பவுடர். கால்சியம் கார்பனேட் என்று கேட்டு வாங்குங்கள். ஜார்ஜ் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பொடித்துப் போடாதீர்கள், அதில் பாதிக்குமேல் ஜிப்சம்தான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் அப்படியே கலக்கக் கூடாது. சில நிமிடத்தில் கிண்ணத்திலேயே இறுகிவிடும். சென்னினி காலத்தில் அதை நிறையத் தண்ணீரில் போட்டு, ஒரு மாதம் தினமும் கிளறி, அதன் சூடும் இறுகும் குணமும் போன பிறகே பயன்படுத்தினார்கள். எடுபிடிப் பையனின் வேலை அது.

பவுடரைச் சல்லடை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, அது தானாக மூழ்கும்வரை பொறுங்கள். கரண்டியால் அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழ் ஏறும். அதெல்லாம் பூச்சில் ஊசித்துளையாக வந்து நிற்கும். கலவையைத் துணியில் வடிகட்டுங்கள். பதம், ஆப்ப மாவைவிடத் தளர்வாக, பால் ஆடை அளவுக்கு.

முதல் கையைத் தூரிகையால் போட்டு, உடனே விரலால் வட்டமாகத் தேய்த்துத் துணியின் கண்ணுக்குள் இறக்குங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுவதால்தான் முக்கால்வாசிப் பலகைகளில் துளை விழுகிறது. அடுத்த கை எப்போது என்றால், முந்தையதின் ஈர மினுமினுப்பு போயிருக்க வேண்டும், தொட்டால் இன்னும் ஜில்லென்று இருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த பூச்சின் மேல் அடுத்ததைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் தகடாகப் பிரியும். ஒரு கை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில். குறைந்தது எட்டு கை. எல்லாம் ஒரே நாளில், இடையில் வெளியே போகாமல். பின்பக்கமும் பூச வேண்டும். அங்கே மழமழப்பு வேண்டாம், எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதும். சென்னை வெயிலில் ஒரு கைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். ஐப்பசி அடைமழையில் ஒரு மணி நேரம்கூட ஆகும். மின்விசிறிக்கு நேர் கீழேயோ மொட்டைமாடி வெயிலிலோ வைத்து அவசரப்படுத்தினால் மேல்தோல் முந்திக் காய்ந்து, பூச்சு வெடித்துவிடும்.

வெடிப்பு, உதிர்தல் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். சிலந்திவலைபோல வெடித்தால் வஜ்ஜிரம் அதிகம், அல்லது பூச்சு தடிப்பு, அல்லது வேகமாகக் காய்ந்துவிட்டது. விரலில் மாவு ஒட்டினால் வஜ்ஜிரம் குறைவு, அல்லது அது கொதித்துவிட்டது. பூச்சு காயக்காயக் கிண்ணத்திலும் தண்ணீர் ஆவியாகி வஜ்ஜிரம் கனத்துப்போகும். ஐந்தாவது கைக்கு மேல் ஒரு ஸ்பூன் வெந்நீர் சேர்ப்பது அதற்காகத்தான். கீழ்ப்பூச்சு பலமாகவும் மேல்பூச்சு சற்றே மெலிவாகவும் இருந்தால் நிற்கும். தலைகீழாக இருந்தால் நிற்காது.

மூன்று நாள் கழித்து 220, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேய்த்தால் யானைத் தந்தம்போல மழமழவென்று வரும். முகக்கவசம் கட்டாயம். வீசிங் இருப்பவர் வீட்டில் இருந்தால் இதை மொட்டைமாடியில் செய்யுங்கள்.

இந்தப் பூச்சுக்கு இத்தாலியில் பெயர் ஜெஸ்ஸோ. ஆனால் கடையில் ‘ஜெஸ்ஸோ’ என்று புட்டியில் விற்பது அக்ரிலிக். கான்வாஸுக்கு நல்லது. கீழே சொல்லும் முட்டை வண்ணத்தை அது உறிஞ்சாது. நகம் பட்டால் வண்ணம் உரிந்து வரும்.

வரைவதற்கு வெள்ளிக்கம்பி. பென்சில் கோட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியம். சௌகார்பேட்டையில் 2 மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பி விரல் நீளத்துக்கு வாங்கி, வரைபடக் கிளட்ச் பென்சிலில் சொருகுங்கள். முனையை உப்புத்தாளில் உருட்டி மழுக்க வேண்டும், இல்லையென்றால் பூச்சைக் கீறும். அழுத்தினாலும் கோடு கறுக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்தால்தான் நிழல் ஏறும். அழிக்க முடியாது. சாம்பல் நிறக் கோடு சில மாதத்தில் வெள்ளி கறுப்பதால் பழுப்பாக மாறும். பலகை தயாராகும்வரை, தடித்த காகிதத்தில் வெள்ளை போஸ்டர் கலர் இரண்டு கை பூசியும் பழகலாம்.

வண்ணம்: முட்டையின் மஞ்சள் கரு. வெள்ளையை வடித்துவிட்டு, கருவை உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி ஈரம் போக உருட்டுங்கள். தோலை இரு விரலால் தூக்கிப் பிடித்து, கிண்ணத்துக்கு மேல் ஊசியால் குத்தினால் கரு வழியும், தோல் கையில் நிற்கும். தோல் உள்ளே போனால் வண்ணத்தில் இழை இழையாக வரும். கருவின் அளவுக்குத் தண்ணீர். இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் வெளிர்க் கருவையும், வயதானவர்களின் மாநிற முகத்துக்குக் கிராமத்துக் கோழியின் அடர் கருவையும் எடு என்கிறார் சென்னினி. பிராய்லர் முட்டையும் நாட்டுக்கோழி முட்டையும் பக்கத்தில் பக்கத்தில் உடைத்துப் பார்த்த யாருக்கும் இது புரியும்.

பொடி வண்ணங்களை முதலில் வெறும் தண்ணீரில் கண்ணாடித் தட்டின்மேல் குழைத்து விழுதாக்கி வையுங்கள். தீட்டும்போது விழுதும் கருவும் சம அளவு. காவி, மஞ்சள் காவி இரண்டும் மண் வண்ணம், நிறம் மாறாது. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. அவர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை விஷம். விளக்குக்கரி தண்ணீரில் சேராமல் மிதக்கும். இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டால் சேரும். மஞ்சள் தூள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது, நிறம் நிலைக்காது. கோலப்பொடி சாயம் ஏற்றியது, மேல் வண்ணத்தில் கசியும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அரிதாரம், மனோசிலை, சாதிலிங்கம் மூன்றும் பழைய ஓவியர்களின் வண்ணங்கள்தான். முதல் இரண்டில் ஆர்செனிக், மூன்றாவதில் பாதரசம். பள்ளிப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது.

கலவை சரியா என்று பார்க்க, கண்ணாடித் துண்டில் ஒரு கோடு போட்டுக் காய்ந்ததும் பிளேடால் சுரண்டுங்கள். சுருளாக உரிந்து வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் கரு குறைவு. பிசுபிசுத்து மினுங்கினால் கரு அதிகம்.

இந்த வண்ணம் சில விநாடியில் காய்ந்துவிடும். அதனால் எண்ணெய் வண்ணம்போலத் தோய்த்துக் குழைக்க முடியாது. சின்னத் தூரிகையை நனைத்து, துணியில் ஒற்றி, நூல் மாதிரி கோடுகளை அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஈரமாக இருக்கும் இடத்தில் மறுபடி தூரிகை பட்டால் கீழ்ப்பூச்சே பெயர்ந்து வரும். ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். முகத்துக்கு முதலில் மெல்லிய பச்சை, அதன்மேல் இளஞ்சிவப்பும் வெள்ளையும்; பச்சை அடியில் இருப்பதால்தான் தோலின் நிழல் உயிரோடு தெரிகிறது.

கலந்த கருவை அன்றைக்கே கொட்டிவிடுங்கள். கெடாமலிருக்க வினிகர் விடச் சொல்வார்கள். அல்ட்ராமரைன் நீலம் இருந்தால் விடாதீர்கள், அமிலம் அந்த நீலத்தைக் கொன்றுவிடும். ஒரு சொட்டு கிராம்புத் தைலம் போதும். முடிந்த பலகை கையால் தொட மறுநாளே காய்ந்திருக்கும், முழுசாக இறுக மாதக்கணக்காகும். சென்னையில் பெரிய எதிரி கார்த்திகை மாதப் பூஞ்சைதான். வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உறையில் மூடாதீர்கள். பூஞ்சை வந்தால் ஈரத்துணி வேண்டாம்; காயவைத்து மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.

இப்போது தஞ்சாவூர் முறை. பலகை, மேலே துணி, சாக் பவுடரும் கோந்தும் சேர்ந்த பூச்சு, மக்கு (அதே பூச்சின் கெட்டிக் கலவை) வைத்து எழுப்பிய நகை வேலை, அதன்மேல் தங்க ரேக்கு, கடைசியில் வண்ணம். ஆர்டே செய்யும் வரிசையும் இதுவும் வெகு நெருக்கம். வித்தியாசம் தங்கத்தில். இத்தாலியில் செம்மண் பூச்சின்மேல் ஊதினால் பறக்கும் தகட்டை ஒட்டி, கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். நம் ரேக்கு தடித்தது, கோந்தில் ஒட்டினால் போதும். மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் தஞ்சாவூர் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் நிறைய இருக்கின்றன. நடத்துபவர்களில் பலர் பெண்கள், வீட்டிலிருந்தே செய்து விற்பவர்கள். உங்கள் மகளுக்குப் பட்டறைப் பயிற்சி என்று ஒன்று வேண்டுமென்றால் நான் முதலில் சொல்வது அதைத்தான். சேரும் முன் ஒன்று கேளுங்கள்: பலகையை மாணவியே தயாரிக்க வேண்டுமா, தயார் பலகை கொடுத்துவிடுவார்களா? தானே செய்ய வைக்கும் இடத்தில் சேருங்கள்.

வரைந்து பிழைக்க முடியுமா என்ற பயம் உங்களுக்கு இருப்பது கேள்வியில் தெரிகிறது. அந்தப் பயத்துக்குச் சென்னையிலேயே ஒரு பதில் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கியபோது, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் பணம் சேர்த்தார்கள். சிற்பி அனிலா ஜேக்கப், ஓவியர் அர்னவாஸ் போன்ற பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் டி.கே. பத்மினி 1969இல், முப்பது வயது நிறையும் முன்பே இறந்துபோனார். அந்தக் குறைந்த காலத்தில் அவர் வரைந்த பெண் உருவங்களை உங்கள் மகள் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். சோழமண்டலம் அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் ஓவிய இயக்கத்தை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

ப்ளஸ் டூ முடித்ததும் எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்கு வருட இளங்கலைப் படிப்பு இருக்கிறது. கையால் வரையும் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். ஸ்டெல்லா மாரிஸ் மகளிர் கல்லூரியிலும் நுண்கலைத் துறை உண்டு. இரண்டுக்கும் இப்போதிருந்தே செய்ய வேண்டியது ஒன்றுதான்: உருவம் வரையும் பயிற்சி. ஃபுளோரன்ஸின் பிளாவுடில்லா நெல்லிக்குக் கிடைக்காதது அது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்தில் உட்கார்ந்து, ஒரே சிலையை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று கோணத்தில் வரையட்டும். முதலில் இடுப்பின் சாய்வும் எடை விழும் காலும்; நகையெல்லாம் கடைசியில். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். பென்சில் மட்டும் கொண்டுபோகட்டும், மையும் தண்ணீர் வண்ணமும் வேண்டாம்.